சாரமில்ல

மலையாளத்தில் ‘சாரமில்ல’ என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். குமுளியில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை காதில் விழும். பஸ்ஸில் காலை மிதித்துவிட்டால் சாரமில்ல, சில்லறை இல்லையென்றால் சாரமில்ல, மழையில் கரண்ட் போய் மூன்று மணி நேரம் ஆனாலும் சாரமில்ல. கூடலூரிலிருந்து தினமும் மலையேறிப் போய் பத்தொன்பது வருஷமாக அங்கே ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன், அந்தச் சொல் என் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது, வீட்டில் குழம்பில் உப்பு கூடிப்போனால்கூட சாரமில்ல என்றுதான் சொல்கிறேன். ஆனால் போன ஆனி மாதம் ஒரு புது வீட்டு வாசலில் ஒரு வயதான அம்மா என்னைப் பார்த்து, “சாரமில்ல மோனே, செருப்பிட்டு கேறிக்கோ” என்று சொன்னது மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. செருப்போடயே உள்ளே வந்துக்கோ என்கிறார், அவ்வளவுதான். நல்ல மனசோடு சொன்னது. தமிழ்க் காதால் கேட்டால் சாரம் இல்லை, அதாவது சக்கை. அன்றைக்கு எனக்கு அப்படித்தான் கேட்டது.

எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நாலு வருஷம் ஆகிறது. இப்போது போட்டிருப்பது இரண்டாவது செயற்கைக் கால், போன சித்திரையில் வாங்கியது. கால் இல்லாமல் போனதைப் பற்றி யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் தயாராக ஒரு மூன்று நிமிஷக் கதை இருக்கிறது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்து வழவழப்பாகிவிட்ட கதை. செருப்பு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால், ‘இவ்வளவு பெரிய கஷ்டத்தில் இருக்கிறவருக்கு இது ஒரு கவலையா’ என்று கேட்பார்கள். கேட்கட்டும். எனக்கு இதுதான் கவலை.

மலையில் நடந்தது

என் கால் போனதே வெறுங்காலால்தான். பதினாலு வருஷம் மாலை போட்டவன் நான். வண்டிப்பெரியாறு போய், சத்திரத்திலிருந்து புல்மேடு வழியாகக் காட்டுக்குள் நடந்துபோகிற பாதைதான் எப்போதும். மாலை போட்ட நாளிலிருந்து செருப்பு கிடையாது, கடைக்கும் வெறுங்கால்தான். கடைசி இரண்டு மூன்று வருஷமாக மற்ற சாமிமார்கள் கல் குத்துகிறது என்று நொண்டிக்கொண்டு வரும்போது எனக்கு மட்டும் ஒன்றுமே குத்தாது. பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கும். ஐயப்பன் அருள் என்று நினைத்தேன், வெளியே சொல்லிக்கொள்ளவில்லையே தவிர உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. ஒன்பது வருஷச் சர்க்கரையில் உள்ளங்கால் நரம்பு செத்துக்கொண்டிருந்தது, அதுதான் அந்த அருள்.

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் காலையில் என் வீட்டுக்காரி கூடத்தில் நின்று, “யாருங்க குங்குமத்த மிதிச்சிட்டு நடந்தது?” என்று கேட்டாள். குளித்துவிட்டு வந்த ஈரக்காலில் சமையலறை வரைக்கும் வரிசையாகச் சிவப்புச் சுவடு, வலது காலுடையது மட்டும். முள் உள்ளங்காலில் முழுசாக இறங்கி எத்தனை நாள் ஆகியிருந்ததோ. அதிலிருந்து இருபத்தாறு நாள். முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள், அப்புறம் மதுரைக்குக் கொண்டுபோய் மிச்சத்தை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கதை எல்லோருடையதும் ஒரே மாதிரிதான் இருக்கும், விட்டுவிடுகிறேன்.

ஊருக்கு அனுப்பும்போது டாக்டர் இடது காலைத்தான் பார்த்தார். வெட்டிய காலைப் பார்க்கவே இல்லை. நைலான் நரம்பு மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, அது வளைகிற அளவுக்குப் பத்து கிராம் அழுத்தம்தானாம், உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு “தெரியுதா, தெரியுதா” என்று கேட்டார். நாலு இடத்தில் தெரியவில்லை. “இனிமே வெறுங்காலே கிடையாது. வீட்டுக்குள்ளயும் செருப்பு, பாத்ரூமுக்கும் செருப்பு, ராத்திரி எந்திரிச்சாலும் செருப்பு. இந்தக் காலாவது மிஞ்சட்டும்” என்றார். எம்சிஆர் செருப்பு எழுதிக்கொடுத்தார். சர்க்கரை உள்ள வீடுகளில் தெரியும், உள்ளே மெத்தென்று, பின்னால் வார் வைத்து, பார்த்ததுமே ‘இவருக்குச் சர்க்கரை’ என்று ஊருக்குச் சொல்லிவிடுகிற செருப்பு.

என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. வீட்டுக்குள் செருப்புச் சத்தம் கேட்டால் லட்சுமி போய்விடுவாள் என்று நம்புகிறவர். நான் கட்டிலில் படுத்திருக்கும்போது என் ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டுபோய் நிலைக்கு வெளியே வைத்துவிடுவார். டாக்டர் சொன்னது தெரியும், வேண்டுமென்று செய்வதில்லை, கை அப்படிப் பழகிவிட்டது. பிறகு ஞாபகம் வந்து தானே திரும்ப எடுத்து வந்து கட்டிலடியில் வைப்பார். முந்தானையால் துடைத்துவிட்டு வைப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

முகாம் கால்

முதல் கால் முகாமில் கிடைத்தது. கல்யாண மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலி வரிசை, ஒரு நாள் அளவு எடுத்து மறுநாள் கால். தோல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய், அடியில் ரப்பர் பாதம், தொடையைச் சுற்றி ஒரு பட்டை. ஜெய்ப்பூர் கால் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று எனக்கு அதைப் போட்ட பிறகுதான் புரிந்தது. அந்தப் பாதத்துக்கு விரல் இருக்கிறது, நகம்கூட வரைந்த மாதிரி இருக்கிறது. என் தங்கச்சி மகள் ஒரு நாள் அதற்கு நெயில் பாலிஷ் போட்டுவிட்டாள், நான் கவனிக்காமல் கடைக்குப் போய் அங்கே எல்லோரும் சிரித்தார்கள். விரல் வைத்தது அழகுக்காக மட்டுமில்லை. வெளிநாட்டு மாதிரியில் அதுவரை செய்துகொண்டிருந்த பாதங்கள் எல்லாம் ஷூவுக்குள் போய் ஒளிந்துகொள்வதற்கென்றே செய்தவை, மரமும் ஸ்பாஞ்சுமாக. நம் ஆள் சேற்றில் இறங்க வேண்டும், குத்துக்காலிட வேண்டும், சம்மணம் போட்டுச் சாப்பிட வேண்டும், கோயிலுக்குள் வெறுங்காலோடு போக வேண்டும். கொடுத்த காலை எல்லாம் மூலையில் போட்டுவிட்டுத் திரும்பக் கட்டையை ஊன்றிக்கொண்டு போகிறார்களே என்று பார்த்துத்தான் 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் பி.கே. சேத்தி என்ற எலும்பு டாக்டரும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைக்காரரும் சேர்ந்து இந்த ரப்பர் பாதத்தைச் செய்தார்கள். சர்மாவுக்கு அதிகம் படிப்புக் கிடையாது, சைக்கிள் பஞ்சர் ஒட்டப் போன இடத்தில்தான் யோசனை கிடைத்தது என்று சொல்வார்கள். 1981இல் மகசேசே விருது டாக்டருக்குக் கிடைத்தது. அதைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, இங்கே வேண்டாம்.

அதே 1981இல்தான் திருச்சிப் பக்கம் பஸ் விபத்தில் சுதா சந்திரனுக்கு வலது கால் போனது. 1984இல் ஜெய்ப்பூர் காலோடு மேடையேறி ஆடினார். கால் போன எவனும் தமிழ்நாட்டில் இந்தப் பெயரிடமிருந்து தப்ப முடியாது. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு டஜன் ஆரஞ்சையும் ‘சுதா சந்திரன் ஆடலையா’ என்ற கேள்வியையும் கொண்டுவருவார்கள். (ஆரஞ்சு எனக்கு ஆகாது.) அவர் ஆடினார், சரி. நான் முன்னாலும் ஆடவில்லையே. ஆனால் அவரைப் பற்றி ஒரு செய்தி மட்டும் மனதில் நின்றது. இவ்வளவு பெயர் வாங்கிய பிறகும், விமான நிலையச் சோதனையில் ஒவ்வொரு தடவையும் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள் என்று 2021இல் வீடியோ போட்டு, பிரதமரிடமே முறையிட்டார். அவரைக் கழற்று என்கிறார்கள், என்னைக் கழற்றவே வேண்டாம் என்கிறார்கள். இரண்டிலும் ஒரே எரிச்சல்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முகாம் காலின் குறையைச் சொல்ல வேண்டுமென்றால் சாக்கெட்தான், வெட்டிய கால் உள்ளே போய் உட்கார்கிற குழி. வெட்டிய கால் முதல் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வற்றிக்கொண்டே வரும். எங்கள் தொழிலில் அஞ்சு கிலோ பச்சைக்காயை ஸ்டோரில் போட்டால் ஒரு கிலோ உலர்ந்த காய் வரும், கிட்டத்தட்ட அந்த மாதிரி. வற்ற வற்ற உள்ளே காலுறையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், காலையில் ஒன்று, மத்தியானம் இன்னொன்று. கடைசியில் ஏழு உறை போட்டும் கால் உள்ளே லொடலொடத்தது, முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டுகிற இடத்தில் புண். சர்க்கரைக்காரனுக்குப் புண் என்றால் என்னவென்று அனுபவித்தவன், பயந்துபோய்ச் சீட்டுப் பணத்தை எடுத்து, முதலாளியிடம் பாதி கடன் வாங்கி, ஒன்றே முக்கால் லட்சத்துக்குப் புதுக் கால் போட்டேன்.

புதுக் காலுக்கு ஷூ வேண்டும்

அதன் அருமையை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் செய்து கொடுத்த தம்பிக்கு நன்றியில்லாதவன் ஆகிவிடுவேன். சிலிக்கான் உறையை உருட்டிப் போட்டு, அதன் நுனியில் இருக்கும் ஆணியைச் சாக்கெட்டுக்குள் இறக்கினால் டக் டக் டக் என்று மூன்று சத்தம் வரும், அவ்வளவுதான், பட்டை கிடையாது, தொங்கல் கிடையாது. பாதம் கார்பன் தகடு, மேலே ரப்பர் மூடி. மிதித்தால் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது. குமுளி பஸ் நிற்கும் இடத்திலிருந்து கடைக்கு ஒரு ஏற்றம் உண்டு, முகாம் காலில் அதை நாலு தடவை நின்று ஏறுவேன், இப்போது ஒரே மூச்சு. வெயில் காலத்தில் உறைக்குள் வேர்வை தேங்கும், கழற்றிக் கவிழ்த்தால் ஒழுகும், அது ஒன்றுதான் இம்சை. ராத்திரி சோப்புப் போட்டுக் கழுவி, கவிழ்த்துக் காயவைக்க வேண்டும், குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஒரு வேலை. மழைக்காலத்தில் எஸ்டேட் பக்கம் போனால் அட்டை ஏறும், அதில்தான் எனக்கு அற்பச் சந்தோஷம். இடது காலில் ஏறியது குடித்துவிட்டு உருண்டு விழும். வலது காலில் ஏறியது ரப்பர் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து தேடிக்கொண்டே இருக்கும். பாவம்.

ஆனால் இந்தக் கால் ஷூவோடு சேர்த்து நிறுத்தப்பட்ட கால். எந்த ஷூவுக்கும் முன்பக்கத்தைவிடக் குதிப்பக்கம் கொஞ்சம் உயரம், என்னுடையதில் ஒரு சென்டிமீட்டர். அந்த உயரத்தைக் கணக்கில் வைத்துத்தான் தண்டு நேராக நிற்கும்படி பாதத்தைத் திருகி வைக்கிறார்கள். ஷூவைக் கழற்றினால் குதி ஒரு சென்டிமீட்டர் இறங்கும், உடனே தண்டு பின்னால் சாயும். சமதரையில் நிற்கிறேன், ஆனால் மேடேறுகிற பாதையில் நிற்பது மாதிரி இருக்கிறது. முழங்கால் பின்னால் தள்ளப்படுகிறது, ஒவ்வொரு அடிக்கும் என் பாதத்தையே நான் ஏறித் தாண்ட வேண்டியிருக்கிறது. முன்னால் தடுமாறினால் கையை நீட்டலாம், பின்னால் சாய்ந்தால் பிடிக்க எதுவும் இல்லை. இலவசமாகக் கிடைத்த காலோடு வீட்டுக்குள் வெறும் பாதமாக நடக்க முடிந்தது, ஒன்றே முக்கால் லட்சம் கொடுத்த காலோடு முடியவில்லை.

உள்ளூர்க் கோயிலில் அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை போய் கொடிமரத்துக்கு வெளியே நின்றே கும்பிட்டுவிட்டு வந்தேன். பூசாரி பார்த்துவிட்டு, “நீங்க சும்மா வாங்கண்ணே, சாமிக்குத் தெரியாதா” என்றார். சாமிக்குத் தெரியும். எனக்குத்தான் ஷூவோடு அந்தக் கல்லை மிதிக்க வரவில்லை. வெட்டிய பிறகும் இருக்கிற மாதிரியே தெரிகிற, இல்லாத காலும் ஒன்று இருக்கிறதே, ராத்திரியில் கட்டைவிரல் அரிக்கும், சொரிய இடமிருக்காது. நம்ம ஊரில் ஸ்டான்லியில் படித்துவிட்டு அமெரிக்கா போன வி.எஸ். ராமச்சந்திரன் கண்ணாடி வைத்து இதற்கு வைத்தியம் கண்டுபிடித்தாரே, பீரோக் கண்ணாடியை வைத்து நானும் செய்து பார்த்தேன், இடது காலின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே ஆட்டினால் உண்மையிலேயே கொஞ்சம் அடங்குகிறது. அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் கவனித்தேன், அந்த இல்லாத கால் என்றைக்குமே செருப்புப் போட்டிருந்ததில்லை. எந்நேரமும் வெறுங்கால். சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி, ஈரம், நெல் காய்கிற தரையின் சொரசொரப்பு எல்லாம் அதற்குத் தெரிகிறது. என்னிடம் இருக்கும் இரண்டு காலும் செருப்பில், இல்லாத கால் மட்டும் சுதந்திரமாகத் திரிகிறது.

பாலுகாச்சு

முதலாளி குமுளியை ஒட்டி வீடு கட்டி முடித்து, ஆனியில் பாலுகாச்சு வைத்தார். நமக்குப் பால்காய்ச்சு. அவர்கள் கோட்டயத்துப் பாலாப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய நஸ்ராணிக் குடும்பம், அதாவது கேரளத்துக் கிறிஸ்தவர்கள், காலையிலேயே அச்சன், நம் ஊர்ப் பாதிரியார், வந்து பிரார்த்தனை செய்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருந்தார். நாங்கள் கடைக்காரர்கள் பத்துப் பேர் ஜீப்பில் போய் இறங்கும்போது சரியான மழை விட்டிருந்தது, முற்றமெல்லாம் செம்மண் சேறு. சிட்டவுட் படியில் ஐம்பது அறுபது ஜோடிச் செருப்பு. உள்ளே பால் நிறத்தில் டைல்ஸ், முகம் தெரிகிற மாதிரி. அந்த வெள்ளையைப் பார்த்ததும் எனக்கு என் வீட்டுக் கூடத்துக் குங்குமச் சுவடு ஞாபகம் வந்துவிட்டது.

வாசலில் முதலாளியின் அம்மா நின்றுகொண்டிருந்தார். கடையில் நாங்கள் எல்லோரும் அம்மச்சி என்போம், சட்டையும் முண்டும் காதில் குணுக்குமாக எண்பது வயதிருக்கும். என் காலைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், அப்போதுதான் அதைச் சொன்னார். சாரமில்ல மோனே, செருப்பிட்டு கேறிக்கோ. எனக்குப் பின்னால் வந்த ஜீப் டிரைவர் பையன் தன் ஹவாய் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போனான், சாக்கு தூக்குகிறவர்கள் போனார்கள், காய் பிரிக்கிற அக்காமார்கள் முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டே போனார்கள். எல்லோருக்கும் ஒரு சட்டம், எனக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கைக் கொடுத்தவர் மேல் கோபப்பட எந்த நியாயமும் இல்லை, அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. “இல்ல அம்மச்சி” என்று சொல்லிவிட்டு, சிட்டவுட்டில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு ஷூவையும் கழற்றினேன். டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. தம்பி சொன்ன குதி உயரமும் ஞாபகம் இருந்தது. வீம்பு என்று ஒன்று இருக்கிறதே.

இதில் இன்னொரு கூத்து. புது வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்துப் போக வேண்டும். பிசியோதெரபிக்காரர் சொல்லிக்கொடுத்தது, மேலே ஏற நல்ல கால் முதலில், கீழே இறங்கச் செயற்கைக் கால் முதலில். பஸ் படியென்றால் இடது கால்தான் தானாக ஏறும். அன்றைக்கு நிலைப்படியில் வலது காலை, அந்த ஒன்றே முக்கால் லட்சத்தை, தூக்கி உள்ளே வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு உடம்பை இழுத்தேன். உள்ளே போய்விட்டேன். காலுறை போட்ட ரப்பர் வழவழத் தரையில் எண்ணெய் தடவின மாதிரி இருந்தது. கூடத்தின் நடு வரைக்கும் போய்விட்டேன். முதலாளி அந்தப் பக்கமிருந்து கையைத் தூக்கி “அண்ணாச்சி!” என்றார். ஒரு சின்னப் பையன் பலூனோடு குறுக்கே ஓடினான், அவனுக்கு வழிவிட ஒரே ஒரு அடி பின்னால் வைத்தேன்.

விழுந்தது அதிகச் சத்தமில்லாமல்தான், உட்கார்ந்த மாதிரி. ஆனால் பேன்ட் ஏறிக்கொண்டு, தண்டும் பாதமும் கூரையைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது. அறுபது பேர் பேச்சு அப்படியே நின்றுபோய், சமையல்கட்டில் பாத்திரம் மட்டும் சத்தம் போட்டது. வலி கிலி எதுவும் தெரியவில்லை. பால் காய்ச்சுகிற அன்றைக்கு வீட்டு நடுவில் விழுந்து கெட்ட சகுனம் ஆகிவிட்டோமே என்றுதான் ஓடியது, கணக்குப்பிள்ளை கால் வைத்த நேரம் என்று நாளைக்கு யாராவது சொன்னால் என்ன செய்வது. முதலாளியும் டிரைவர் பையனும் ஓடிவந்து அக்குளில் கை கொடுத்தார்கள். அம்மச்சி மெதுவாக வந்து எனக்கு முன்னால் நின்றார். இந்தத் தடவை சாரமில்ல என்று சொல்லவில்லை. “வேதனிச்சோ?” என்றார். வலிக்குதா என்று. நான் பதில் சொல்லாமல் குனிந்து தரையைப் பார்த்தேன், அப்போதுதான் என் கண்ணுக்கு நேரே அவர் கால் தெரிந்தது.

எம்சிஆர் செருப்பு. கறுப்பு வார், பின்னால் ஒட்டுப்பட்டை. சொந்த வீட்டுக்குள், அந்த வெள்ளை டைல்ஸ் மேல், பால்காய்ச்சு அன்றைக்கு, அம்மச்சி செருப்போடு நின்றுகொண்டிருந்தார். வலது காலில் சுண்டுவிரல் இல்லை.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “எனிக்கும் ஷுகரா மோனே, பதினெட்டு கொல்லம்” என்றார். எனக்கும் சர்க்கரைதான், பதினெட்டு வருஷமாக. அப்புறம் குரலைத் தாழ்த்தாமல், சமையல்கட்டில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, “ஞான் பறஞ்ஞதல்லே” என்றார். நான்தான் சொன்னேனே. திட்டுகிற குரல் அது. நாலு வருஷத்தில் என்னை யாரும் அப்படித் திட்டவே இல்லை.

தூக்குக்குண்டு

மறு வாரம் மதுரைக்குப் போனேன். கால் செய்கிற தம்பி நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு முதலில் இடது காலைக் கழுவி, துடைத்து, புண் ஏதும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் கொத்தனார் வைத்திருக்கிற மாதிரி ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு என்னை ஷூ இல்லாமல் நிறுத்தினார். நூலுக்கும் காலுக்கும் நடுவில் நன்றாக இடைவெளி. குதிக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் மரச் சில்லைத் தள்ளினார், முழங்கால் தானாக நூலுக்கு வந்து நின்றது. “அண்ணே, செருப்பும் சேர்ந்துதான் இந்தக் கால். அதக் கழட்டினீங்கன்னா பாதிக் காலக் கழட்டின மாதிரி” என்றார். பழைய ரப்பர் பாதத்தையே இதில் மாட்டித் தர முடியாதா என்று கேட்டேன். மாட்டலாம், ஆனால் கனம் கூடும், மலை ஏற வாங்கின சௌகரியம் போய்விடும் என்றார். பொத்தானை அழுத்தினால் குதி உயரம் மாறுகிற பாதமும் இருக்கிறதாம், விலையைச் சொன்னார், நான் பேச்சை மாற்றிவிட்டேன். ரப்பர் சில்லு ஒன்றைக் காலுறைக்குள் வைத்துக்கொண்டு நடக்கலாம், ஆனால் இடது கால் வெறுங்காலாக நிற்குமே. கடைசியில் அவரே சொன்னார், “வீட்டுக்குன்னு தனியா ஒரு ஜோடி வச்சுக்கங்கண்ணே. ரோட்ட மிதிக்காத செருப்பு.”

கம்பத்தில் ஒரு செருப்புத் தைக்கிறவரிடம் சொல்லிச் செய்தேன். இடதுக்கு உள்ளே மெத்து, வலதுக்கு மெத்து வேண்டாம், குதி மட்டும் ஷூவின் உயரம் இருக்க வேண்டும், அடியில் வெள்ளை ரப்பர், வழுக்காத வரி. அவருக்கு முதலில் குழப்பம். ஒரே ஜோடியில் இரண்டு மாதிரியாக அவர் தைத்ததில்லை. என் ஷூவை வாங்கி, ஸ்கேலை வைத்து, வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டே மூன்று தடவை அளந்தார். செய்து முடித்துக் கொடுக்கும்போது அடிப்பாகத்தைத் தன் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். அம்மாவும் வீட்டில் அந்தச் செருப்பை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு போவதில்லை. ஒரு மாதம் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு சாமி படத்துக்கு எதிர்ச் சுவர் ஓரமாக அதற்கு ஒரு பழைய பாயைக் கிழித்துப் போட்டு இடம் கொடுத்துவிட்டார்.

இப்போது எங்கே போனாலும் அந்த ஜோடியைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன். வாசலில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி எல்லோர் செருப்போடும் வரிசையில் விட்டுவிட்டு, இதை மாட்டிக்கொண்டு உள்ளே போக ஐந்து நிமிஷம் ஆகிறது. வீட்டுக்காரர்கள் கைகட்டி நின்று காத்திருக்க வேண்டியிருக்கிறது, “பரவாயில்லங்க, அப்படியே வாங்க” என்று பாதிப் பேராவது சொல்லத்தான் செய்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில் பொண்ணும் மாப்பிள்ளையும் காலில் விழுந்தார்கள், பொண்ணு விரலால் வலது காலைத் தொட்டுவிட்டு ஒரு நொடி தயங்கி, அப்புறம் கண்ணில் ஒற்றிக்கொண்டது. கோயில் விஷயம் இன்னும் தீரவில்லை. பூசாரி, வீட்டுச் செருப்புக்குச் சரி என்றுதான் சொல்கிறார். நான் இன்னும் கொடிமரத்தோடு நிற்கிறேன்.

அம்மச்சி வீட்டுக்கு மாசம் ஒரு தடவை கணக்குப் புத்தகத்தோடு போவேன். முதல் தடவை பையைத் திறந்து செருப்பை எடுத்தபோது வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குதியை நகத்தால் தட்டினார். என்ன விலை என்று கேட்டார், சொன்னேன், அதிகம் என்றார். அடுத்த தடவை போகும்போது தனக்கும் ஒன்று வாங்கி வரச் சொல்லி, காகிதத்தில் காலை வைத்து பேனாவால் வரைந்து கொடுத்தார், சுண்டுவிரல் இருந்த இடத்தில் கோடு நேராகப் போகிறது.

கார்த்திகை பிறந்ததிலிருந்து பஸ்ஸில் நிற்க இடமில்லை. சீசனில் மலைக்குப் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டுப் பக்கம் திருப்பிவிடுவார்கள், ஆனாலும் பஸ்ஸில் வருகிற சாமிமார்களுக்குக் குறைவில்லை. போன வாரம் லோயர் கேம்ப்பில் ஒரு கன்னிச்சாமிப் பையன் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான், பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும், புதுக் கறுப்பு வேட்டி, வெறுங்கால், மடியில் இருமுடி. மின்சாரத்துக்குத் தண்ணீர் இறங்குகிற பெரிய குழாய்களை ஜன்னல் வழியாக வாயைப் பிளந்து பார்த்தான். முதல் வளைவில் பஸ் சாய்ந்தபோது அவன் இருமுடியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான், நானும் மடியில் இருந்த துணிப்பையைக் கட்டிப் பிடித்தேன். அவன் என் பையைப் பார்த்தான். “சாமி, பையில என்ன?” என்றான்.

“செருப்பு சாமி” என்றேன்.

என் ஷூவைப் பார்த்தான், பையைப் பார்த்தான், நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.